கிராஃப் தாளிலிருந்து பித்தளைச் சொம்புக்கு: சென்னிமலைப் பக்கத்து ஓவியர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஈரோடு மாவட்டத்தில் என் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2018 ஆடி மாதம் அங்கே வந்து சேர்ந்த ஒரு பெண்மணி இன்று அசையாப் பொருள் ஓவியங்களை மட்டுமே வரைபவராக ஆகியிருக்கிறார். கல்லூரிகளில் ஸ்டில் லைஃப் என்று சொல்லும் வகை அது. அவர் அந்த இடத்துக்கு வந்ததில் என் பங்கு கொஞ்சம். அவரைத் தடுத்ததில் என் பங்கு அதைவிட அதிகம். வகுப்பு நடத்தும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு, பெயர் இல்லாமல். எழுதியதை அவரே படித்துவிட்டு நெசவு சம்பந்தமாக இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினார்.

பின்னணி

சேரும்போது அவருக்கு வயது 44. சென்னிமலைப் பக்கத்துக் கிராமம், நெசவுக் குடும்பம். அப்பா குழித்தறியில் பெட்ஷீட் நெய்தவர். ஒன்பது வயதிலேயே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டையில் உட்கார்ந்து அப்பாவுக்குத் தார் (ஊடை நூல் சுற்றிய சின்னக் குழல்) சுற்றிக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தெருவில் இருந்த டிசைன் போடும் பெரியவர் ஒருவரிடம் பதினெட்டு வயதில் போய் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டார். அதிலிருந்து, துணியில் பூவும் உருவமும் விழ நெய்யும் ஜக்கார்டு தறிக்கு கிராஃப் போடுவதுதான் வேலை.

இந்த வேலை என்ன என்று தெரியாமல் மேலே படித்தால் புரியாது. ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கி என்றால் கிராஃப் தாளில் அகலவாக்கில் 240 கட்டம். கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியும் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு தடவை ஓடுவதற்குச் சமம். எந்தக் கட்டத்தில் பாவு இழை, அதாவது நெடுக்கு நூல், மேலே எழ வேண்டுமோ அந்தக் கட்டத்துக்கு வண்ணம் வைக்க வேண்டும். வரிக்கு ஓர் அட்டையாகத் துளை குத்தி, அட்டைகளைக் கோத்துத் தறி மேல் ஏற்றுவார்கள். ஒரு கட்டம் தப்பினால் துணி நெடுக அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும். இருபத்து நாலு வருஷம் இந்த அம்மா போஸ்டர் கலரையும் நுனி தேய்ந்த பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கட்டங்களை நிரப்பியிருக்கிறார். மயில், மாங்காய், அன்னம், பூக்கொடி எல்லாம்.

அப்புறம் கம்ப்யூட்டர் டிசைன் வந்தது. மாதம் பத்துப் பன்னிரண்டு டிசைன் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றிரண்டுதான் வந்தது. மீதி வண்ணம் டப்பாவில் காய்ந்துகொண்டிருந்தது. "பூ வேண்டாங்க சார். பூப் போட்டுப் போட்டுச் சலிச்சுப் போச்சு. ஊட்டுல பொழங்கற சாமானை வரையோணும்" என்றுதான் என்னிடம் வந்தார்.

அவர் சொன்ன இன்னொரு செய்தியை அப்போது நான் காதில் வாங்கவில்லை. நூல் சாயம் சரியா என்று பார்க்க அவருடைய அப்பா டியூப்லைட்டை நம்ப மாட்டாராம். சிட்டத்தை, அதாவது நூல் கட்டை, கையில் எடுத்துக்கொண்டு விடிந்ததும் வாசலுக்குப் போய்விடுவார். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு அரக்கு நிறம், வாசல் வெளிச்சத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு அப்படி வாசலில் நின்றதுதான் தன் முதல் பாடம் என்றார். நான் தலையாட்டிவிட்டுக் கனசதுரம் வரையக் கொடுத்தேன்.

வகுப்பில் கண்டது

நான் படித்த வழி லோயர், ஹையர் என்னும் அரசு ஓவியத் தேர்வு வழி. கனசதுரம், கூம்பு, உருளை, பிறகு குடம், பிறகு குடத்தோடு துணி. எல்லோருக்கும் அதைத்தான் வைப்பேன், அவருக்கும் வைத்தேன். முதல் இரண்டு மாதத்தில் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்தவை மூன்று.

ஒன்று, அவர் போடும் வளைகோடு படிக்கட்டு போல இருந்தது. குடத்தின் வயிற்றைச் சிறு சிறு படியாக இறக்குவார். இரண்டு, நிழலைத் தேய்த்துக் கலக்கவே கை வராது. ஒளி, இருட்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நிற்கும். மூன்றாவது எனக்குப் புரியாமலே இருந்தது. எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் இருப்பதைவிட உயரமாக வரைவார். பென்சிலைக் கண்ணுக்கு நேரே நீட்டி அளக்கக் கற்றுக்கொடுத்தேன். அளப்பார், சரியாகவே சொல்வார். தாளில் மறுபடி உயரமாகவே வரும்.

நிறத்தில் மட்டும் அவருக்கு என் உதவி தேவைப்படவே இல்லை. கலந்து காட்டச் சொன்னால் மூன்றாவது தொடுதலில் பொருளின் நிறம் தட்டில் இருக்கும். அதை ஒரு திறமை என்று குறித்துக்கொண்டேனே தவிர, எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

முதல் முடிவு: கட்டத்தை மறக்கச் சொன்னது

பழைய தொழிலின் பழக்கம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். எண்ணி எண்ணி வரைவது இயந்திர வேலை, ஓவியத்துக்கு ஆகாது என்பது என் எண்ணம். அதனால் வண்ணத்தை நிறுத்தினேன். கரித்துண்டும் பெரிய தாளும் கொடுத்து, நின்றுகொண்டு தோளிலிருந்து கையை வீசி வரையச் சொன்னேன். ஸ்கேல், கிராஃப் இரண்டும் வகுப்புக்குள் வரக் கூடாது என்றேன்.

ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இப்படிப் போனது. படங்கள் தேறின. குடம் குடமாக இருந்தது, நிழல் நிழலாக இருந்தது. ஆனால் அவற்றை யார் வரைந்தார் என்று கேட்டால் சொல்ல முடியாது. என்னுடைய எந்த மாணவரும் வரைந்திருக்கலாம். அவர் வகுப்புக்கு வருவதும் குறைந்தது. கேட்டதற்கு, "என்ற கையே எனக்கு அடங்கலீங்க சார். வேற யாரோ கையாட்டம் இருக்குது" என்றார். நான் அதைத் தொடக்கக்காரரின் சோர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

படங்கள் காட்டியது

உற்சாகம் வரட்டும் என்று அசையாப் பொருள் ஓவியர்களின் படங்களைக் காட்டினேன். முதலில் மொராண்டி. இத்தாலியில் பொலோனியா ஊர்க்காரர், 1890 முதல் 1964 வரை வாழ்ந்தவர். பாட்டில்களையும் ஜாடிகளையும் ஆயுசு முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்தவர். எனக்கு மிகவும் பிடித்தவர். அதுதான் தப்பாகப் போனது. அடுத்த ஆறு மாதம் இந்த அம்மா சாம்பலும் சுண்ணாம்பு வெள்ளையுமாகவே வரைந்தார். மாசி பங்குனி வெயில் தரையை அடித்துக்கொண்டிருக்கும் ஊரில், பொலோனியாவின் மங்கல் வெளிச்சத்தில் எங்கள் எவர்சில்வர் டம்ளர்கள் நின்றன. நான் பாராட்டிக்கொண்டும் இருந்தேன்.

ஒரே ஒரு படத்துக்கு அவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். ஸ்பெயின் ஓவியர் சான்செஸ் கோட்டான் 1602 வாக்கில் வரைந்தது. ஒரு கல் சன்னல், பின்னால் முழு இருட்டு. சீமைமாதுளையும் முட்டைக்கோசும் நூலில் தொங்குகின்றன. கீழே திட்டில் வெட்டிய முலாம்பழம், வெள்ளரிக்காய். அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். "இது உறிங்க சார். எங்க அம்மிச்சி ஊட்டுச் சமையக்கட்டுல மேல உறி, பின்னால கரி புடிச்ச செவுரு, இதேதான்" என்றார். அந்த ஒரு படத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

2020: வகுப்பு இல்லாத மாதங்கள்

மார்ச் கடைசியில் ஊரடங்கு. வகுப்பு நின்றது. தறிச்சத்தமும் நின்றது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடிந்தால் தறிச்சத்தம் கேட்டே பழகியவர்களுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று அவர் பின்னால் சொல்லித்தான் தெரிந்தது. டிசைன் வேலை அடியோடு இல்லை. வீட்டில் மாமியார், கணவர், கல்லூரி போகாத மகன். வெளியே போக முடியாது. வேண்டியதெல்லாம் சமையக்கட்டில் இருந்தது.

கிழக்குச் சன்னல் திட்டில் ஒரு பித்தளைச் சொம்பு, பக்கத்தில் அப்பாவின் பழைய தறி நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை), வெட்டிய அரசாணிக்காய்த் (பூசணி) துண்டு ஒன்று. காலை ஏழிலிருந்து எட்டரை வரை மட்டும் வரைவது என்று வைத்துக்கொண்டார். அதற்குமேல் சன்னல் வெளிச்சம் மாறிவிடும், அடுப்பு வேலையும் வந்துவிடும். என்னிடம் சொல்லாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. பழைய கிராஃப் தாள் கட்டை எடுத்து, அதன் மேலேயே வரைய ஆரம்பித்திருக்கிறார்.

ஆகஸ்டில் போனில் படம் அனுப்பினார். சின்னத் திரையில் எனக்கு அது மங்கலான போட்டோ போலத்தான் தெரிந்தது. நேரில் பார்த்தது ஊரடங்கு தளர்ந்து, பொங்கல் கழிந்த பிறகு.

சொம்பு

அந்தப் படத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்த அளவுதான். கிட்டே பார்த்தால் சொம்பே இல்லை. வயிற்றுப் பகுதியில் கட்டத்துக்குக் கட்டம் கடுகு மஞ்சள், நாவல்பழ ஊதா, செங்கல், பாசிப் பச்சை. எந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. பித்தளை நிறம் என்று ஒன்றை அவர் கலக்கவே இல்லை. நான்கடி தள்ளி வந்தேன். ஊதாவும் கடுகு மஞ்சளும் சேர்ந்து, நாள்பட்ட பித்தளையில் படியுமே அந்தக் கறுத்த மினுக்கம், அது வந்து உட்கார்ந்தது. கழுத்துப் பள்ளத்தில் பச்சை கொஞ்சம் கூடுதல். அங்கே துலக்கும் கை போகாது, களிம்பு நிற்கும். அது தெரிந்தவர் வைத்த பச்சை.

நெசவில் நிறம் கலப்பது இப்படித்தான். சிவப்புப் பாவில் பச்சை ஊடை ஓட்டினால் நூல் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும், தூரத்தில் பழுப்பாகத் தெரியும். தட்டில் கலப்பதற்குப் பதிலாகப் பார்ப்பவர் கண்ணில் கலக்க விடுகிறார். இருபத்து நாலு வருஷமாக அவர் கண் செய்துகொண்டிருந்த வேலை அது.

நான் சொன்ன தவறான வார்த்தை, பிறகு எடுத்த முடிவு

இவ்வளவும் எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது என்று சொல்ல ஆசைதான். நான் அன்று சொன்னது, "நல்லாருக்கு, ஆனா இது ஓவியம் இல்லைங்க, டிசைன்." அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். வழக்கமாக என்னிடம் எதிர்த்துப் பேசாதவர் அன்று பேசினார். சொம்புக்குப் பின்னால் இருந்த இருட்டைக் காட்டி, "இதுல கருப்பு வெக்கலீங்க சார். நீலத்துக்குப் பக்கத்துல கருப்பு நூல் போட்டா கருப்பு செத்துப்போவும். சாயக்காரரைத் திட்டி என்ன பண்றது, பக்கத்து நூலுதான் காரணம். அதனால அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம் வெச்சேன். எட்ட நின்னாக் கருப்பாத் தெரியுது பாருங்க" என்றார்.

இந்தப் பேச்சை நான் எங்கோ படித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது பிடிபட்டது. ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824ல் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். நீலம், ஊதாவுக்குப் பக்கத்தில் வரும் கருப்பு நூலில் அழுத்தமே இல்லை என்று அங்கே புகார். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் கண்ணை மாற்றுகிறது. அதை விரித்து 1839ல் அவர் எழுதிய நூலைப் பின்னால் ஓவியர்கள் தேடிப் படித்தார்கள். புள்ளி புள்ளியாக வரைந்த பிரெஞ்சு ஓவியர் சூரா வரைக்கும் அதன் கை நீள்கிறது. சாயப்பட்டறையிலிருந்து ஓவியத்துக்குப் போன அந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். தறிப்பக்கம் வளர்ந்து அதைக் கையில் வைத்திருந்தவரை ஒரு வருஷம் கரித்துண்டோடு நிறுத்தி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கிராஃபை விட வேண்டாம் என்றும் சொன்னேன். அதோடு, இனி பாடத்திட்டப்படி போவதில்லை, அந்தப் படத்தில் குறைவதை மட்டும் எடுத்து வேலை செய்வது என்று இருவரும் முடிவு செய்தோம்.

குறைகள் இருந்தன. சொம்பின் வாய் திட்டுக்கு இணையாகப் படுத்திருக்காமல் எழுந்து நின்றது. திட்டுமேல் விழும் நிழல் ஒட்டவைத்தது போல இருந்தது. அப்புறம் அந்த உயரப் பிரச்சினை. அதன் காரணத்தை அவரே அப்போதுதான் கண்டுபிடித்தார். ஊடை நெருங்கி விழும் ரகத்துக்குச் சதுரக் கட்டத்தில் டிசைன் போடும்போது பூவை நீட்டிப் போட வேண்டும். தறியில் ஏறினால் அது அமுங்கி உருண்டையாகும். கண் வட்டத்தைப் பார்க்கும், கை நீளமாகப் போடும். தப்பு என்று நான் அழித்துக்கொண்டே இருந்தது, துணியில் சரியாக வருவதற்காகக் கை செய்த கணக்கு. தெரிந்த பிறகு இரண்டே வாரத்தில் சரியாகிவிட்டது. தறிக்குப் போகாத படம் இது என்று கைக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாயையும் நிழலின் ஓரத்தையும் மட்டும் கட்டமில்லாமல் கையால் வரைவது என்று வைத்துக்கொண்டோம். என் ஒரு வருஷக் கரித்துண்டு அந்த இடத்தில் உதவியது. அது முழுக்க வீண் என்று அவரும் சொல்லவில்லை.

புளி போட்டுத் துலக்கிய நாள்

இரண்டாவது பெரிய படத்துக்கும் அதே சொம்புதான். பன்னிரண்டு நாள் வேலை முடிந்திருந்தது. பதின்மூன்றாம் நாள் காலையில் சொம்பு தங்கம் போல மின்னிக்கொண்டு சன்னலில் இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறதே என்று மாமியார் முந்தின இரவு புளி போட்டுத் துலக்கி, அதே இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். "பொழங்கற சொம்பு இப்படிக் கறுத்துக் கெடக்கலாமா அம்மிணி" என்று கேட்டாராம். அவர் கேட்டதிலும் தவறில்லை.

எனக்குப் போன் வந்தது. நினைவிலிருந்து முடித்துவிடலாம், அல்லது பழையபடி கறுக்கும் வரை காத்திருக்கலாம் என்றேன். இரண்டையும் அவர் ஏற்கவில்லை. "பாக்காத நெறத்தை எப்படிங்க வெக்கறது?" என்று கேட்டார். பழைய தாளை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு, புதுத் தாளில் துலக்கிய சொம்பை ஆரம்பித்தார். வாசற்படியின் சிவப்பு, மகன் போட்டிருந்த நீலச் சட்டை, எல்லாம் அதன் வயிற்றில் தெரிந்தன. முடியாத படம் ஒன்று, முடிந்த படம் ஒன்று. இரண்டையும் இன்று சேர்த்துத்தான் மாட்டுகிறார். என் கணக்கில் அவருடைய வேலையில் உச்சம் அந்த ஜோடிதான்.

சாயம் போனது

இது சுருக்கமாக, ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டியது. முதல் எட்டுப் படங்களும் டிசைன் வேலைக்கு வாங்கிய போஸ்டர் கலரில் வரைந்தவை. அட்டை குத்தி முடிந்ததும் கிராஃப் தாளின் வேலை முடிந்துவிடும் என்பதால் அந்தத் தொழிலில் நிறம் நிற்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. வெயில் விழும் ஆசாரத்துச் (வீட்டுக் கூடத்து) சுவரில் மாட்டியவற்றில் ஒரு வருஷத்துக்குள் ரோஸ் வெளிறிப் போனது, ஊதாவும் தளர்ந்தது. கலக்காமல் தனித்தனியாக வைக்கும் முறையில் ஒரு நிறம் போனால் பக்கத்து நிறமும் பொய்யாகிவிடும். சொம்பு இரும்பு போல ஆனது. ஆசிரியராக இதை முன்பே சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. இப்போது ஓவியர்களுக்கான வண்ணமே வாங்குகிறார். ட்யூபில் வெளிச்சம் தாங்கும் அளவு போட்டிருக்கும், சில கம்பெனிகள் நட்சத்திரமாகவும் சில கம்பெனிகள் ரோம எண்ணாகவும் போடும். அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார். செலவு பல மடங்கு. அதனால் தாள் இன்னும் சிறியதாகிவிட்டது.

விளைந்தது

2023ல் கோயம்புத்தூரில் ஒரு சிறிய கூடத்தில் 23 படங்களை வைத்தோம். நான்கு விற்றன. வாடகையும் சட்டம் போட்ட செலவும் போக மிஞ்சியது பெரிதாக ஒன்றுமில்லை. டிசைன் வேலை மாதம் ஒன்றிரண்டு இன்னும் செய்கிறார். குடும்பம் ஓடுவது கணவருடைய சம்பளத்தில்.

வீட்டில் முதலில் இருந்த கேள்வி, சாமி படம் வரைந்தாலாவது நாலு பேர் வாங்குவார்கள், சட்டி பானையை யார் வாங்குவார்கள் என்பது. அந்தக் கேள்வி பழையது. 1667லேயே பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் இந்த வகையைக் கடைசிப் படியில் வைத்துப் பேசினார்கள். கண்காட்சிக்கு வந்த பிறகு மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. துலக்கிய சொம்பின் முன்னால் நின்று, "இது நான் வெளக்குனது" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னிமலையிலிருந்து வயதான நெசவாளர் ஒருவரும் வந்திருந்தார். அரசாணிக்காய்ப் படத்துக்கு முகத்தை ஒட்டினாற்போல் வைத்து விரலால் எண்ணினார். "இது தறியில ஏறாதுங்க அம்மிணி, நெறம் அதிகம்" என்றார். "ஏத்த வேண்டாங்க மாமா" என்றார் இவர். அவர் பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் மறுபடி பார்த்துவிட்டு, அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டபோது இந்த அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார். சிட்டத்தோடு வாசலில் நின்றதைச் சொன்னார். 2018ல் என்னிடம் சொன்ன அதே செய்தி, அதே வார்த்தைகள்.

இனி மாற்றிச் செய்வது

சேர வருகிறவரிடம் முதல் நாள் எதையும் வரையச் சொல்வதில்லை. இதுவரை கை என்ன வேலை செய்தது என்று கேட்கிறேன். அந்த வேலையின் கருவி ஒன்றை அடுத்த வாரம் எடுத்துவரச் சொல்கிறேன். ஒரே பிழை மூன்று தடவைக்கு மேல் அதே மாதிரி வந்தால் திருத்துவதை நிறுத்திவிட்டு, அது எந்த இடத்தில் சரியாக இருந்திருக்கும் என்று விசாரிக்கிறேன். பெரிய ஓவியர்களின் படங்களை முதல் வருஷம் காட்டுவதில்லை. காட்டினாலும் ஒருவரை மட்டும் காட்டுவதில்லை, எனக்குப் பிடித்தவரை முதலில் காட்டுவதே இல்லை. வண்ணம் வாங்கும் முன் ட்யூபின் முதுகைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன்.

போன மாதம் சேர்ந்தவர் முப்பது வருஷம் வெல்லம் காய்ச்சியவர், கவுந்தப்பாடிப் பக்கம். பாகு கிண்டும் நீளத் துடுப்பைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்களாம். மகனுடைய டெம்போவில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். இப்போது அது முன்னறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நுனியில் இன்னும் பாகு வாசம் போகவில்லை. எந்தப் பதத்தில் பாகு என்ன நிறத்தில் இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஏழு நிறம் வந்திருக்கிறது.